ஸ்பிரிங்கை வெட்டினால் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடுமா?

போடியிலிருந்து மூணாறு செல்ல போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். கம்பத்திலிருந்து குமுளி போனாலும், சின்னமனூரிலிருந்து மேகமலை போனாலும் வளைவுகள்தான். இந்தப் பாதைகளில் காரைப் பிடித்து வைப்பதில் சஸ்பென்ஷனுக்குப் பெரிய பங்கு உண்டு.

வளைவில் திரும்பும்போது கார் வெளிப்பக்கமாகச் சாயும். எடையும் அந்தப் பக்க டயர்களுக்குப் போகும். அப்போது டயர் ரோட்டில் சமமாகப் படிந்திருந்தால்தான் பிடி கிடைக்கும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இதற்காகவே ‘டபுள் விஷ்போன்’ சஸ்பென்ஷன் இருக்கிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடித்திருப்பதால், கார் சாய்ந்தாலும் டயர் அதிகம் சாயாது. பெரும்பாலான குடும்பக் கார்களின் முன்பக்கம் இருப்பது ‘மேக்பெர்சன் ஸ்ட்ரட்’. இதில் கீழே மட்டும்தான் ஆர்ம். செலவு குறைவு, இடமும் மிச்சம்.

சிலர் ஸ்போர்ட்ஸ் கார் தோற்றத்துக்காக ஸ்பிரிங்கை வெட்டி, காரைத் தாழ்த்துகிறார்கள். கார் தாழ்ந்தால் சாய்வு குறையும் என்பது உண்மைதான். ஆனால், ஸ்பிரிங் அமுங்க இடம் இருக்காது. வளைவில் ஒரு பள்ளம் வந்தால் சஸ்பென்ஷன் முட்டிக்கொள்ளும். டயர் சட்டென்று பிடியை இழக்கலாம். ஸ்போர்ட்ஸ் காரில் உயரம், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஆர்ம்களின் கோணம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தியே வடிவமைக்கிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை ஒத்துழைக்காது.

குடும்பத்தோடு மலையேறும் முன், ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிகிறதா, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டில் எது இருந்தாலும், முதலில் மெக்கானிக், பிறகு மூணாறு!