சேம அச்சும் ஸ்டெப்னியும்

"வழியில வண்டி நின்னுட்டா என்ன பண்ணுவ?"

பெண்கள் தனியாகவோ, நாலு பேர் சேர்ந்தோ நெடுந்தூரம் வண்டியோட்டிப் போகிறோம் என்று சொன்ன உடனே வீட்டில் விழும் கேள்வி இது. கேட்பவருக்குப் பதில் வேண்டியதில்லை. கேட்டதோடு பேச்சு முடிந்து நாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட வேண்டும். நாற்பதைத் தாண்டி, முனைவர் பட்டமும் ஓட்டுநர் உரிமமும் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய காரும் வைத்திருக்கிற என்னிடமும் இதைத்தான் கேட்டார்கள். ஸ்கூட்டியில் பக்கத்து ஊருக்குப் போகும் என் மாணவிகளிடமும் இதைத்தான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நாம் கோபப்பட்டது போதும். அதை உள்ளபடியே ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்வோம். எது பழுதானால் வண்டி நிற்கும்? அவற்றில் எதைச் சாலையோரத்தில் நாமே மாற்ற முடியும்? எது அடுத்த ஊரில் கிடைக்கும், எது கிடைக்காது? இவற்றுக்கெல்லாம் விடை உண்டு. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் நானும் என் தோழியும் ஒரு பழைய சிறிய காரில் போவதென்று தீர்மானித்தபோது, அந்த விடை ஒரு ரெக்சின் பைக்குள் அடங்கி டிக்கியின் மூலையில் உட்கார்ந்துகொண்டது. எடை பத்துக் கிலோகூட இல்லை.

இதே பயணத்தை ஓர் ஆண் பேராசிரியர் அறிவித்தால் "பார்த்துப் போயிட்டு வாங்க சார்" என்பார்கள். அவருக்கு ஃபேன் பெல்ட் எங்கே இருக்கிறதென்று தெரியுமா? நடுத்தர வர்க்க ஆண்களில் மிகப் பலர் பானெட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்து, உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடுகிறவர்கள்தான். அவருக்குத் தெரியாவிட்டால், அது அவர் துறை இல்லை. எனக்குத் தெரியாவிட்டால், நான் பெண். உண்மையில் தெரிந்தவர்கள் யாரென்றால், பள்ளிப்படிப்பு நின்றுபோய்ப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்க்கப்பட்ட ஏழை வீட்டுப் பையன்கள். அந்த அறிவுக்கு இந்தச் சமூகம் கொடுக்கும் மதிப்பு கிரீஸ் துணிக்குக் கொடுக்கும் மதிப்புதான். அவ்வளவு மலிவாக வைத்திருக்கிற ஒன்றைக்கூட நம் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

தமிழ் படித்தவளாகையால் எனக்கு இதில் ஒரு கூடுதல் எரிச்சல் உண்டு. பெண்ணுடன் கடற்பயணம் செல்வது வழக்கமில்லை என்று தொல்காப்பியம் சொல்வதை வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லும் ஆசிரியர்கள் ஏராளம். அதே ஆசிரியர்கள் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டிகளின் வரிசை வரும் இடத்தை மரபு வருணனை என்று கடந்துவிடுவார்கள். அங்கே கைக்குழந்தையோடு ஒரு பெண் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறாள். உமணர் குடும்பத்துப் பெண்ணுக்கு நெடுவழி என்பது பிழைப்பு. அவளிடம் யாரும் வழியில் வண்டி நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

என்ன சொல்லியிருப்பாள் என்பதும் நமக்குத் தெரியும். ஔவை பதிவு செய்திருக்கிறாள், புறநானூற்றின் 102ஆம் பாட்டில். உமணர்கள் வண்டியின் கீழ்மரத்தில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். ஏன் கட்டினார்கள் என்பதற்கு ஔவை தரும் காரணங்களைப் பாருங்கள். மாடு இளையது, நுகத்துக்குப் பழகாதது. பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கவும் மேட்டில் ஏறவும் வேண்டியிருக்கும், அங்கே என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும். வண்டியின் நிலை, சுமை, பாதை: இன்றைக்கும் உதிரி பாகங்களைத் தேர்வு செய்ய இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும். உரைகளும் வகுப்பறைகளும் அதியமான் மகனைப் புகழும் உவமையோடு நின்றுவிடுகின்றன. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்த ஒருத்தி எழுதிய பாட்டு அது என்று எனக்கு எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை.

ஔவையின் கணக்கை எங்கள் காருக்குப் போட்டுப் பார்த்தோம். நான்குவழிச் சாலையில் சேலம், கர்னூல், நாக்பூர், ஜான்சி என்று போகும்வரை, நாடெங்கும் ஓடுகிற ஒரு சின்னக் காருக்கு உதிரி பாகம் கிடைக்காத ஊர் அதிகமில்லை. அங்கே மூட்டை கட்டிக்கொண்டு போவது வெட்டிச் சுமை. ஸ்ரீநகருக்குப் பிறகு லே, அங்கிருந்து மணாலி வழியாக இறங்குவதென்றால் கணக்கு வேறு. லேயிலிருந்து மணாலி வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல். இடையில் கடையைத் தேட முடியாது. அந்தப் பகுதிக்காகத்தான் பை.

பைக்குள் போக ஒரு பொருளுக்கு மூன்று தகுதி வேண்டும். அது போனால் வண்டி நகரக்கூடாது. அதை நம்மிடமுள்ள ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவரால் மாற்ற முடிய வேண்டும். அது வழியில் கிடைக்காததாக இருக்க வேண்டும். ஃபேன் பெல்ட் மூன்றிலும் தேறுகிறது. கிளட்ச் கேபிளும் அப்படியே. எங்கள் கார் கேபிள் கிளட்ச் உள்ள பழைய வகை. ரேடியேட்டர் ஹோஸ், அதற்கு இரண்டு மூன்று கிளாம்ப், ஃபியூஸ், ஒரு ரிலே, ஹெட்லைட் பல்பு, ஸ்பார்க் பிளக். ஒரு லிட்டர் கூலன்ட், ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில். டியூப்லெஸ் பஞ்சர் கிட், பேட்டரியில் செருகிக் காற்றடிக்கும் சின்னப் பம்ப், ஜம்பர் கேபிள். எம்-சீல், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி. டைமிங் பெல்ட் தேறவில்லை. அது அறுந்தால் வண்டி நிற்கும்தான், ஆனால் மலைப்பாதை ஓரத்தில் உட்கார்ந்து மாற்றுகிற வேலை இல்லை அது. புறப்படுவதற்கு முன்பே பட்டறையில் மாற்றிவிட வேண்டும். வைப்பர், கண்ணாடி, இன்னபிற எல்லாம் உடைந்தாலும் ஊர் போய்ச் சேரலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. புதிய பெல்ட்டை வாங்கிப் பையில் போடாதீர்கள். அதை வண்டியில் மாட்டி, கழற்றிய பழையது வெடிப்பு விடாமல் நன்றாக இருந்தால் அதைப் பையில் போடுங்கள். பழையது உங்கள் வண்டியில் ஓடிக் காட்டியது, அளவு தப்பாது என்பது உறுதி. புதியது அட்டைப்பெட்டியில் இருக்கும்வரை வெறும் வாக்குறுதிதான். கூடவே, பட்டறையில் அதை உங்கள் கையால் ஒருமுறை மாட்டிப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். அந்த வாய்ப்பை விடாதீர்கள். "நகருங்க மேடம், கை அழுக்காயிடும்" என்பார்கள். ஆகட்டும். சோப்பு இருக்கிறது.

கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அது உதிரி பாகக் கடைகள் வரிசையாக உள்ள தெரு. வண்டியின் பெயரைச் சொன்னேன்.

"சார் வரலையா மேடம்? சாரைப் போன்ல குடுங்க, நான் பேசிக்கிறேன்."

"சார்னு யாரும் இல்லைங்க. பார்ட் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

எண்ணைச் சொன்ன பிறகு அவருடைய தோரணை மாறியது. ஒரே பெயருள்ள காருக்கு வருடத்துக்கு வருடம் பெல்ட் மாறும், ஹோஸ் மாறும். சேஸிஸ் நம்பரை வைத்துத்தான் சரியான பாகத்தின் எண்ணைப் பிடிக்க வேண்டும். ஒரிஜினல், வேறு நல்ல கம்பெனி, டூப்ளிகேட் என்று மூன்று விலை இருக்கும். எண் தெரியாதவரிடம் மூன்றாவதை முதலாவதன் விலைக்கு விற்கலாம். பெண்ணுக்கு எண் தெரியாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருப்பதில் வியாபாரமும் இருக்கிறது.

இனி ஸ்டெப்னிக்கு வருகிறேன். வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி என்ற தெருவில், 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டு நம் ஊர் வரை வந்தது. வந்த இடத்தில் நம் ஆண்கள் அதற்கு இன்னொரு பொருளையும் கொடுத்தார்கள். ஒருவனுடைய இரண்டாவது பெண்ணுறவுக்கு ஸ்டெப்னி என்று பெயர். டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். கழற்றி மாட்டலாம், டிக்கியில் மறைத்து வைக்கலாம், தேவைப்பட்டால் எடுக்கலாம். ஔவை ஓர் இளவரசனைச் சேம அச்சு என்றாள், அது புகழ்ச்சி. இவர்கள் ஒரு பெண்ணை ஸ்டெப்னி என்கிறார்கள், அது வசை. நம்மை உதிரி பாகம் என்று அழைக்கத் தெரிந்தவர்கள் உதிரி பாகத்தைத் தொட மட்டும் நம்மை விடுவதில்லை.

ஸ்டெப்னி மாற்றப் பலம் வேண்டும் என்பது அடுத்த கதை. சின்னக் கார்களின் வீல் நட்டுக்குரிய இறுக்கம் நூறு நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். முப்பத்தைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டி, கைப்பிடி தரைக்கு இணையாக இருக்கும்படி வைத்து, ஐம்பது கிலோ எடையுள்ள பெண் அதன் நுனியில் காலை வைத்து முழு எடையையும் இறக்கினால் விழும் விசை நூற்றெழுபதுக்கு மேல். பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் ஸ்பேனரில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்குங்கள், விசையும் இரட்டிப்பாகும். ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். இதற்குத் தேவை எட்டாம் வகுப்பு நெம்புகோல் பாடமும் ஒரு முழக் குழாயும். உங்கள் காரில் ஸ்டெப்னியே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று 2020-இல் விதியை மாற்றிவிட்டார்கள்.

2019 நவம்பரைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ஹைதராபாத் புறநகரில் இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய ஸ்கூட்டர் டயரில் திட்டமிட்டே காற்றை இறக்கிவிட்டு, உதவ வந்தவர்கள் போல நெருங்கினார்கள் என்று காவல்துறை சொன்னது. அவரிடம் ஒரு பம்ப் இருந்திருந்தால் என்று நான் ஒருபோதும் எழுத மாட்டேன். குற்றம் செய்தவர்களின் குற்றத்தைச் செத்தவளின் பையில் தேடுகிற வேலை அது. டயர் பஞ்சரான ஒரு பெண் இரவில் சாலையோரம் பத்திரமாக நிற்க முடிய வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பொறுப்பு அரசும் ஆண்களும். எந்த உதிரி பாகமும் அந்தப் பொறுப்புக்கு மாற்று ஆகாது.

ஆனால் அந்த மரணத்துக்குப் பிறகு நம் வீடுகளில் என்ன பாடம் எடுக்கப்பட்டது? போகாதே. மீறிப் போகிறவளுக்குப் பத்திரிகைகளின் மகளிர் பக்கம் ஒரு பட்டியல் தருகிறது: பெப்பர் ஸ்ப்ரே, விசில், கைப்பேசியில் இருப்பிடம் பகிர்தல், எப்போதும் ஒரு ஆணிடம் பேசிக்கொண்டே இரு. நானும் இருப்பிடம் பகிர்கிறவள்தான், அவற்றைக் கேலி செய்யவில்லை. அந்தப் பட்டியல் எதிலும் ஏன் ஒரு ஃபியூஸ்கூட இல்லை என்று கேட்கிறேன். அதன்படி நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது இரண்டு: பயப்படுவது, யாரையாவது கூப்பிடுவது.

தெரிந்த பெண்ணையும் நகைச்சுவையாக்கிவிடுவார்கள். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டர் போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார், மின்கம்பி தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார் என்பது எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. மரத்தால் ஆன பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்தச் செய்ததும் அவர்தான். பிரேக் லைனிங் என்று இன்று நாம் மாற்றுகிற பாகத்தின் தொடக்கம் அது. கதை சொல்பவர்களுக்கு ஊசியும் காலுறைப் பட்டியும்தான் ஞாபகம் இருக்கின்றன. 1963-இல் அயர்லாந்திலிருந்து சைக்கிளில் டெல்லிக்கு வந்த டெர்வ்லா மர்ஃபியோ, இந்தப் பக்கத்துச் சாலைகளுக்குத் தாங்காது என்று கியரைக் கழற்றி வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்பட்டவர். பழுதாகக்கூடியதை எடுத்துப் போகாமல் இருப்பதும் உதிரி பாகத் தேர்வில் ஒரு வகை.

எங்கள் கல்லூரியில் மார்ச் 8 வந்தால் கோலப்போட்டி, அடுப்பில்லாச் சமையல், பிறகு பெண் விடுதலை குறித்து ஒரு சொற்பொழிவு. இந்த வருடம் அந்தச் சொற்பொழிவுக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். கருத்தரங்கக் கூடம் வேண்டாம், வண்டி நிறுத்துமிடம் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேவையான பொருட்கள் என்ற இடத்தில் ஜாக்கி, வீல் ஸ்பேனர், இரண்டடிக் குழாய் என்று போட்டிருக்கிறேன். கார் என்னுடையது. இன்னும் அனுமதி வரவில்லை.