ஊர் தானா 'ஷிப்ட்' ஆகுமா?



நெய்வேலியில் பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்குக்கூடத் தெரிந்த ஓர் ஆங்கில வினைச்சொல் உண்டு. அதுதான் 'ஷிப்ட்'. "உங்க அப்பா இன்னிக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்காத தெரு நம்ம ஊரில் உண்டா? இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று பாருங்கள்.

1. இடம் மாறுதல், இடம் மாற்றுதல். பெஞ்சை நகர்த்தினாலும் ஷிப்ட், வீடு மாறினாலும் ஷிப்ட்.

2. முறை வேலை. சுரங்கமும் அனல் மின் நிலையமும் ராத்திரி பகலாக ஓட வேண்டும். அதனால் 24 மணி நேரத்தை மூன்றாகப் பிரித்து வேலை பார்க்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் 'பிரித்தல், பங்கிடுதல்' என்றே பொருள். பொருத்தம்தானே!

3. கம்ப்யூட்டரில் சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் விசைக்கும் இதே பெயர்.

4. தன் மேல் உள்ள பழியை அடுத்தவர் மேல் தள்ளிவிடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்!

இதெல்லாம் சரி. ஆனால் எனக்குப் பிடிக்காத ஒன்று இருக்கிறது. சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட ஊரைப் பற்றிக் கேட்டால், "அந்த ஊரா? அது அப்பவே ஷிப்ட் ஆயிடுச்சு" என்கிறார்கள். ஊருக்கு என்ன காலா இருக்கு, தானா எழுந்து நடந்து போக?

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படிக்கிறோம். 'குடிபெயர்ந்தார்கள்' என்றால் தாங்களே போனார்கள். 'குடிபெயர்த்தார்கள்' என்றால் வேறு யாரோ போக வைத்தார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் பொருளே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஷிப்ட்தான். நாம் அதோடு 'ஆச்சு' சேர்ப்பதா, 'பண்ணாங்க' சேர்ப்பதா என்பது நம் கையில் இருக்கிறது.

1956-இல் இங்கே நிறுவனம் வந்தது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-இல் மின்சாரம் வந்தது. இதையெல்லாம் பொது அறிவுப் போட்டிக்கு மனப்பாடம் செய்கிறோம். சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் வழிவிட்ட கிராமங்களின் பெயரை யாராவது கேட்கிறோமா? பரவனாற்றையே திசை மாற்றியிருக்கிறார்கள். அந்த ஆற்றுக்காகப் புதுக் கால்வாய் வெட்ட, 2023 ஜூலையில் வளையமாதேவிப் பக்கம் நெற்பயிர் நின்ற வயலிலேயே இயந்திரம் இறங்கியது.

நிலக்கரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ வீட்டு விளக்கு அதில்தான் எரிகிறது, எத்தனையோ வீட்டு அடுப்பும் அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது. ஆனால் 'ஆயிடுச்சு' என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். 'பண்ணாங்க' என்றால் உடனே கேள்வி வரும். யார் பண்ணாங்க? நிலத்துக்கு என்ன கொடுத்தாங்க? எங்கே குடி வச்சாங்க? அந்த வீட்டில் யாருக்காவது வேலை கிடைச்சுதா?

வார்த்தையில் என்ன இருக்கு என்று நினைக்காதீர்கள். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் 'நில எடுப்பு' மட்டும்தான் இருந்தது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே நியாயமான இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு எல்லாம் வந்துவிட்டன. கேள்வி கேட்டதால்தானே பெயர் மாறியது?

எனவே தோழர்களே, மேசையைத் தாராளமாக ஷிப்ட் பண்ணுங்கள். ஊரைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'பெயர்ந்தார்களா, பெயர்த்தார்களா' என்று ஒரு நிமிடம் யோசித்துச் சொல்லுங்கள்.

சிந்திப்போம்! சரியாகச் சொல்வோம்!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி