விசில் அடிக்காத குக்கர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் என் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு வட்டமேஜை மாநாடு நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. எடுத்துக்கொண்ட பொருள்: மின்சாரப் பிரஷர் குக்கர் ஒன்று வாங்கலாமா, கூடாதா?

"அக்கா வந்தாச்சு! பத்திரிகையிலே ஊருக்கெல்லாம் யோசனை சொல்றவங்க, நம்ம வீட்டுக்கும் சொல்லட்டும்" என்று என் தங்கை என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கணவர் கைப்பேசியில் நாலைந்து குக்கர்களின் படங்களைக் காட்டினார். பிள்ளைகள் இருவரும் தந்தை கட்சி. மாமியார் அம்மாள் மட்டும் ஒன்றும் பேசாமல் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக் கொண்டிருந்தார். கடை அரிசியில் இப்போது கல் ஏது? அவருடைய கோபத்துக்கு அது ஒரு சாக்கு.

விஷயம் இதுதான். தங்கை, 1964-ல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். காலை எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கணவருக்கு ஆவடியில் வேலை. அவர் இன்னும் முன்னதாகவே போய்விடுவார். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் அத்தை ஒருவர்தான். வயது எழுபத்தொன்று. கை கால் திடமாகத்தான் இருக்கிறது. காதுதான் இரண்டு வருஷமாகச் சரியாகக் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு நாள், மாலைக் குழம்புக்கென்று குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். விசில் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அவர் காதில் விழவில்லை. தண்ணீர் வற்றி, பருப்பு கரியாகி, கடைசியில் மூடியிலிருந்த பாதுகாப்பு வால்வு உருகிப் புகை கிளம்பியது. அடுத்த வீட்டுப் பெண் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் என் தங்கைக்கு ஆபீஸில் வேலை ஓடுவதில்லை; மணிக்கொரு தரம் வீட்டுக்கு டெலிபோன் செய்கிறாள்.

இந்தப் பாதுகாப்பு வால்வுக்காக நாம் ஒரு பிரெஞ்சுக்காரருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். 1679-ம் ஆண்டில் தெனி பப்பேன் என்ற விஞ்ஞானி, எலும்பையும் மெழுகாக வேகவைக்கும் ஒரு பாத்திரத்தை லண்டன் ராயல் சங்கத்தாருக்குக் காட்டினார். ஆவி மிஞ்சினால் பாத்திரம் வெடித்துவிடுமே என்று அதற்கு ஒரு வால்வும் வைத்தார். 1682-ல் அந்தச் சங்கத்து அறிஞர்கள் அதில் சமைத்த விருந்தை உட்கார்ந்து ருசி பார்த்தார்களாம். அறிஞர்களானாலும் பசி பசிதானே!

நம் நாட்டிலும் நீராவிச் சமையல் புதிதல்ல. கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் 1910-ல் அடுக்குப் பாத்திரத்தில் ஆவியில் சமைக்கும் 'இக்மிக்' குக்கரைச் செய்தார். நம் பாட்டிமார் 'ருக்மணி குக்கர்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுவும் அந்த ஜாதிதான். விசில் அடிக்கும் குக்கர் 1959-ம் ஆண்டையொட்டி வந்தது. சென்னை டி.டி.கே. குழுமத்தின் பிரஸ்டீஜும் பம்பாய் ஹாக்கின்ஸும் அப்போது களத்தில் இறங்கின. வெடித்துவிடும் என்று பயந்து அதை வீட்டுக்குள் விடாத மாமியார்கள் அன்று எத்தனையோ பேர். இன்று அதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பவர்களும் மாமியார்கள்தான்!

என் தங்கையின் கணவர் கணக்கிலிருந்து ஆரம்பித்தார். "மின்சாரத்திலே சமைச்சா காஸ் மிச்சம், பணம் மிச்சம்" என்றார். சரி, பார்த்துவிடுவோம் என்று காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.

ஒரு கிலோ காஸை எரித்தால் அடுப்பில் வீணாவது போகப் பாத்திரத்துக்குள் போகும் சூடு, சுமார் ஒன்பது யூனிட் மின்சாரம் இந்தக் குக்கரில் செய்யும் வேலைக்குச் சமம். 2025 ஏப்ரலில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசு. கிலோவுக்கு அறுபத்தொரு ரூபாய். அதை ஒன்பதால் வகுத்தால் ஆறே முக்கால் ரூபாய் வருகிறது. ஆகவே, உங்கள் வீட்டில் கூடுதலாகச் செலவாகும் யூனிட்டுக்கு ஆறே முக்கால் ரூபாய்க்குக் கீழே கொடுத்தால் மின்சாரம் லாபம். மேலே கொடுத்தால் காஸ் லாபம்.

நம் ஊர் மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-ல் வந்தது. 2024 ஜூலைக் கட்டணப்படி பார்த்தால், 400 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டுக்கு யூனிட் ஐந்து ரூபாய்க்குள் முடிகிறது. 400-க்கு மேல் ஆறு ரூபாயைத் தாண்டுகிறது. 500-ஐத் தாண்டினாலோ எட்டு ரூபாய்க்கு மேல். அதோடு இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைக்கும் சலுகையும் பறிபோகிறது. 490-ல் நிற்கும் வீட்டுக்காரி புதுக் குக்கர் வாங்குவதற்கு முன் இதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

குக்கரோ 1000 வாட். ஒரு வேளைச் சமையலுக்கு இருபது நிமிஷம் சூடேறுகிறது என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு யூனிட். தினம் இரண்டு வேளை, அறுபது நாள் என்றால் நாற்பது யூனிட். என் தங்கை வீட்டில் மார்கழி, தை மாதங்களில் 340 யூனிட் ஆகிறது. அந்த நாளில் நாற்பது யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்க்குள் கொடுத்து, இருநூற்றெழுபது ரூபாய்க் காஸை மிச்சப்படுத்தலாம். சித்திரை, வைகாசியில் ஏ.ஸி. ஓடி 560 யூனிட் ஆகும்போது அதே நாற்பது யூனிட்டுக்கு முந்நூற்று இருபது ரூபாய்க்கு மேல் போய்விடும். குளிர் காலத்தில் வந்த லாபத்தை வெயில் காலம் கொண்டுபோய்விடும்! விலைவாசி மாறினால் உங்கள் வீட்டுச் சிலிண்டர் விலையையும் மின்சார அட்டையையும் வைத்து நீங்களே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

"பணத்துக்காக வாங்கணும்னும் இல்லை, பணத்துக்காக வேண்டாம்னும் இல்லை" என்றேன். மாப்பிள்ளையின் முகம் சற்றுச் சுருங்கிற்று.

"வேகமாவது ஆகுமா அக்கா?" என்றாள் தங்கை. அதிலும் பாதிதான் உண்மை. சூடேறப் பத்து நிமிஷம், வேகப் பத்து நிமிஷம், ஆவி தானாக அடங்கப் பத்துப் பதினைந்து நிமிஷம். இதன் அழுத்தமும் விசில் குக்கரைவிடப் பொதுவாகச் சற்றுக் குறைவு. அவசரத்துக்குக் காஸ் அடுப்பும் பழைய குக்கருமே முந்திக்கொள்ளும். ஆனால் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை. உள்ளே சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து, வேண்டிய நேரம் ஆனதும் தானே நிறுத்திக்கொள்ளும். தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினாலும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விசிலை எண்ணுகிற வேலையே இல்லை.

இதைச் சொன்னேனோ இல்லையோ, அத்தை முறத்தைக் கீழே வைத்தார்.

"அதுவே வேகவைக்குமாம், அதுவே நின்னுடுமாம். அப்புறம் இந்த வீட்டிலே நான் எதுக்கும்மா?"

கூடத்தில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அத்தனை நேரமும் நாங்கள் யூனிட்டையும் கிலோவையும் வகுத்துக்கொண்டிருந்தோம். அவரோ ஐம்பது வருஷம் ஆண்ட அடுப்பங்கரையிலிருந்து தமக்கு உத்தரவு கொடுத்து அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பருப்பு கரிந்ததற்காக அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. புதுக் குக்கர் படத்தைக் காட்டியதே அவருக்குத் தீர்ப்பு மாதிரிப் பட்டிருக்கிறது.

நான் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, காதருகே கொஞ்சம் உரக்கவே சொன்னேன்: "அத்தை, அது நிறுத்தத்தான் தெரிஞ்ச பெட்டி. எவ்வளவு அரிசி, எவ்வளவு தண்ணி, பருப்பிலே எப்போ மஞ்சள் போடணும்னு அதுக்கு யார் சொல்லித் தர்றது?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் முறத்தையும் திரும்ப எடுக்கவில்லை.

பிறகு ஒரு சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. எதிர் வீட்டில் அதே மாதிரிக் குக்கர் ஒன்று இருந்தது. அதை ஒரு வாரம் இரவல் வாங்கி, அத்தையே சமைத்துப் பார்ப்பது. அவர் வேண்டாம் என்றால் வாங்குவதில்லை.

முதல் நாள் சாதம் குழைந்துவிட்டது. விசில் குக்கரில் ஆவியாகப் போகும் தண்ணீர் இதில் அதிகம் போவதில்லை. அதனால் அளவைக் குறைக்க வேண்டும். மறுநாள் அத்தை புழுங்கலரிசியை அரைமணி ஊறவைத்து, ஒரு கிண்ணம் தண்ணீரைக் குறைத்தார். உதிரி உதிரியாக வந்தது! மூன்றாம் நாள் துவரம்பருப்பு வெண்ணெயாக வெந்தது. தாளிப்புக்கு மட்டும் அந்தப் பெட்டியை அவர் நம்பவில்லை. "கடுகு வெடிக்கிறதுக்குள்ளே பொழுது விடிஞ்சுடும்" என்று இரும்புக் கரண்டியைக் காஸ் அடுப்பில் காட்டினாராம். தோசைக்கும் அப்பளத்துக்கும் ரசத்துக்கும் அடுப்பு இருக்கவே வேண்டும். காஸைத் தலைமுழுகிவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

புதன்கிழமை டெலிபோனில் வந்தது தங்கையல்ல, அத்தையே! "வாங்கச் சொல்லிட்டேன்மா. ஆனா பழைய குக்கரைப் பரணிலே போடக் கூடாதுன்னும் சொல்லிட்டேன்" என்றார். அதுவும் புத்திசாலித்தனம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் புறநகர்களில் எத்தனையோ வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அன்று சோறு போட்டது காஸும் பழைய குக்கரும்தான்.

நீங்களும் வாங்குவதாக இருந்தால், சில விஷயங்களைக் கவனியுங்கள். நாலைந்து பேர் குடும்பத்துக்கு ஐந்து அல்லது ஆறு லிட்டர் போதும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, பருப்பு, பயறு என்றால் பாதிதான். அதற்கென்று தனி ஸ்விட்ச் இருக்கட்டும். மிக்ஸி மாட்டியிருக்கும் நீட்டுக் கம்பியில் இதையும் மாட்டாதீர்கள். ஆவி வெளியேறும் துவாரம் அலமாரிக்குக் கீழோ ஸ்விட்சுக்கு நேராகவோ இருக்கக் கூடாது. அடிப்பாகத்தைத் தண்ணீரில் முக்கிக் கழுவவே கூடாது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவாவிட்டால், சாம்பார் வாசனை பாயசத்தில் வரும்!

உதிரிப் பாகம் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். 2010-ல் கனடாவில் பிறந்து உலகமெல்லாம் விற்ற 'இன்ஸ்டன்ட் பாட்' இருக்கிறதே, அதைச் செய்த கம்பெனியே 2023 ஜூனில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் மனுப் போட்டது. பெரிய பெயரை மட்டும் நம்பினால் போதாது. ரப்பர் வளையமும் உள்பாத்திரமும் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ கிடைக்க வேண்டும். சாதாரணக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று சட்டம் இருந்தும், அது இல்லாத குக்கர்களை விற்கவிட்டதற்காக 2022-ல் இணைய அங்காடிகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்தது. மலிவு என்று படத்தைப் பார்த்து ஏமாறாமல், முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. உங்கள் வீட்டில் இப்போது அடுப்பை ஆளுகிறவர் யாரோ, அவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். சனிக்கிழமை மாலை அத்தையும் மருமகளும் சேர்ந்தே போனார்களாம். கடைக்காரர் பொத்தான்களை ஒவ்வொன்றாக விளக்கி முடித்ததும், அத்தை கேட்டது ஒரே கேள்வி: "புழுங்கலரிசின்னு இதிலே ஒரு பொத்தான் காணோமே?"

கடைக்காரர் விழித்தாராம்.

"பார்த்தியா! அதுக்குத்தான் நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மருமகளைப் பார்த்துச் சிரித்தாராம்.