20 வயது காருக்கு 10 ஆயிரம் கட்டணம்! பழைய வண்டிக்காரர்கள் திண்டாட்டம்

கடலூர்–சிதம்பரம் ரோட்டில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பளபளக்கும் புது கார்களுக்கு நடுவே மாருதி 800, ஆம்னி, இண்டிகா, பழைய சான்ட்ரோ எல்லாம் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. ஆம்னி 2019-ல் நின்றது. கம்பெனி நிறுத்தினாலும் ரோட்டில் நிற்கவில்லை!

ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கொடுத்து மூன்றாம் கை, நாலாம் கையாக வாங்கிய வண்டிகள் இவை. ஓட்டுகிறவர்கள் பணக்காரர்கள் அல்ல. ராத்திரி 2 மணிக்கு வீட்டில் பெரியவருக்கு நெஞ்சுவலி என்றால், புதுச்சேரி ஜிப்மருக்கு ஓட ஒரு வண்டி வேண்டும். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இவர்கள் தலையில்தான் இப்போது இடி.

600 ரூபாய் எங்கே? 10 ஆயிரம் எங்கே?

சொந்த உபயோக காருக்கு 15 வருடம் ஆனதும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 வருடத்துக்கு ஒரு தடவை. முன்பு இதற்குக் கட்டணம் 600 ரூபாய்தான்.

2022 ஏப்ரல் 1 முதல் அது 5 ஆயிரம் ஆனது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு இன்னொரு உத்தரவு போட்டது. 20 வயது தாண்டிய காருக்கு 10 ஆயிரம் ரூபாய்! தாமதித்தால் மாதம் 500 ரூபாய் கூடுதல்.

கணக்குப் போட்டால் 10 ஆயிரம் என்பது மாதத்துக்கு 167 ரூபாய்தான். அப்படிப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஆனால் அதை ஒரே நாளில் மொத்தமாக அல்லவா கேட்கிறார்கள்! 50 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கு. பசுமை வரி தனி. இன்சூரன்ஸ் தனி. ஆயிரம் சி.சி.க்கு உள்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022 ஜூனில் 2,094 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதன் மேல் ஜி.எஸ்.டி.

புகை கக்கும் 12 வயது வண்டி தப்பித்துக்கொள்கிறது. ஒழுங்காகப் பராமரித்த 20 வயது வண்டி தண்டம் கட்டுகிறது. வயதைப் பார்க்காமல் புகையையும் பிரேக்கையும் பார்த்துக் கட்டணம் போட்டால் என்ன? டெல்லியில் வயதை வைத்தே வண்டிகளை ஓரம் கட்டப் போய், விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது ஊருக்கே தெரியும்.

உப்புதான் எமன்!

கட்டணம் கட்டியாகிவிட்டது. வண்டி இன்னும் 5 வருடம் ஓடுமா?

நம்ம பக்கம் காரைக் கொல்வது கிலோமீட்டர் அல்ல. உப்பும் தண்ணீரும்தான். தேவனாம்பட்டினம், முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று கடலோரம் நிற்கிற வண்டியின் அடிப்பாகத்தைக் குனிந்து பாருங்கள். மேலே பெயிண்ட் மின்னும். கீழே தகடு அப்பளம் மாதிரி உதிரும். பட்டி பூசி மறைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு மருந்து பைசா செலவில்லாதது. வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் வண்டியின் அடியையும், சக்கரத்தின் உள்பக்கத்தையும் கழுவ வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்தால் குச்சியால் குத்தி எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

வெள்ளம் இன்னொரு ஆபத்து. 2015 மழையை யாரும் மறக்கவில்லை. பெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு கடலூர் ஓரத்துக் குடியிருப்புகளில் புகுந்தது. அப்படி முங்கிய காரில் சாவியைப் போட்டுத் திருகினால் தீர்ந்தது கதை! சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் சரி.

முங்கிய வண்டியைத் துடைத்து வேறு ஊரில் விற்கும் தில்லுமுல்லும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே மண் கறை இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

முள் ஏறினால் நில்!

ரேடியேட்டரில் உப்புப் போர் தண்ணீரை ஊற்றுவது நம்ம ஊர் வழக்கம். உள்ளே குழாய் அடைத்துக்கொள்ளும். ஆலப்பாக்கம் தாண்டும்போது சூட்டு முள் ஏறும். "புதுச்சத்திரம் போய் பார்த்துக்கலாம்" என்று ஓட்டுவார்கள். புதுச்சத்திரம் போவதற்குள் ஹெட் கேஸ்கட் போய்விடும். சில நூறு ரூபாய் கூலன்ட் மிச்சம், பல ஆயிரம் ரூபாய் இன்ஜின் வேலை!

கையில் காசு கம்மி என்றால் எதற்கு முதலில் செலவழிப்பது? பிரேக், டயர், ஸ்டீரிங். அடுத்து ஆயில், கூலன்ட், பெல்ட். ஏ.சி., பாட்டுப்பெட்டி, சீட் கவர் எல்லாம் கடைசி. கதவு, லைட், கண்ணாடி போன்றவற்றை சென்னை புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம். பிரேக் சாமானைப் பழையதாக வாங்குவது தற்கொலை. டயரின் பட்டன் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக்கூடாது என்பது சட்டம்.

ஒரு சின்ன ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஒரு சின்ன தலைவலியும் உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே சொன்னது. பெட்ரோல் வாடை அடித்தால் ஹோஸ் பைப்பை உடனே பாருங்கள்.

விற்றவர் மாட்டிய கதை

போலீஸ் நிலையப் பக்கம் போகிற எனக்குத் தெரிந்த வரை, பழைய காரில் இன்ஜினை விட அதிகம் படுத்துவது காகிதம்தான்.

வண்டியை விற்பார்கள். பணம் வாங்குவார்கள். பெயர் மாற்ற மாட்டார்கள். நவீன்குமார்–விஜய்குமார் வழக்கில் 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது தெரியுமா? கார் பல கை மாறியிருந்தது. விபத்து நடந்தது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு! மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு சபலம், பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி. பி.ஒய். நம்பர் வண்டி சல்லிசாகக் கிடைக்குது என்று ஓடுவார்கள். அங்கே என்.ஓ.சி. வாங்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற வேண்டும். இங்கத்திய வரியும் கட்ட வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.