குத்தகைப் பணம் கேட்கலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வயது 67. கோயம்புத்தூரில் மனைவியோடு வசிக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். ஊரடங்கு போட்டதிலிருந்து நாங்கள் இருவரும் வாசலைத் தாண்டவில்லை. குளித்தலைப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. ஒருவர் குத்தகைக்கு எடுத்து வாழை வைத்திருக்கிறார். வைகாசியில் தரவேண்டிய பணத்தை இன்னும் தரவில்லை. ‘வாழை விற்கலைங்க’ என்கிறார். நேரில் போய்ப் பார்க்க இந்த 2020 ஊரடங்கில் இ-பாஸ் வாங்க வேண்டும். இந்த வயதில் போகவும் பயமாக இருக்கிறது. பணத்தைக் கேட்கலாமா, விட்டுவிடலாமா? இன்னொன்று, பொழுது போகாமல் தவிக்கும் எங்களைப் போன்றவர்கள் மாடித்தோட்டம் போடலாமா?

(பெயர், முகவரி வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை என் மனைவிதான் முதலில் படித்தார். படித்துவிட்டு, “ஏங்க, நம்ம கதையை யாரு எழுதி அனுப்பினது?” என்று கேட்டார். உண்மைதான். எனக்கும் லால்குடி பக்கம் அய்யன் வாய்க்கால் பாசனத்தில் ஒரு ஏக்கர் இருக்கிறது. குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறேன். அங்கேயும் வாழை. நான் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவி கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சியில் இருக்கிறோம். 65 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்று அரசு சொன்னதும் கதவைச் சாத்தியவர்கள்தான் நாங்களும்.

முதல் மாதம் எங்கள் பொழுது எப்படிப் போனது என்று சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் மொட்டை மாடியில் நாற்பது சுற்று நடை. பால் கவரைச் சோப்பு போட்டுக் கழுவுவது. தள்ளுவண்டியில் வாங்கிய காயை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போடுவது. ரூபாய் நோட்டை வெயிலில் காயவைப்பது. மகனிடமிருந்து போன் வந்தால் ‘வெளியே போகாதீங்க’ என்பதை நான்கு முறை கேட்டுக்கொள்வது. சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டு, அந்தப் பயத்தோடு தூங்கப் போவது. பகலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததில் சண்டையும் வந்தது. 35 வருடம் இருவருமே காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பியவர்கள். இவ்வளவு நேரம் ஒன்றாக இருந்து பழக்கமில்லை.

சித்திரை பிறந்து சில நாளில் ஒரு சாயங்காலம், சரியாக அந்த ஆறு மணிக்குக் குத்தகைக்காரத் தம்பி போன் செய்தார். “ஐயா, தாரு மரத்துலயே பழுக்குதுங்க. வெட்டுறதுக்கு ஆள் இருக்கு, வாங்குறதுக்கு ஆள் இல்லைங்க.”

விவசாய வேலைகளுக்கு ஊரடங்கில் விலக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் வாழைக்கு அது போதாது. கோயில் பூட்டியிருந்தது. சமயபுரத்தில் சித்திரைத் தேர் ஓடவில்லை. கல்யாணம் தள்ளிப்போனது. ஓட்டல் திறக்காததால் இலைக்கும் கேள்வி இல்லை. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். மஞ்சளை வைத்திருந்து விற்கலாம். முற்றிய பூவன் தாரை என்ன செய்வது? ஒரு வாரம் தாமதித்தால் காய் வெடிக்கும், பழுக்கும், வௌவால் வரும்.

எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. பாக்கிப் பணத்தைத் தராமல் இருக்க முன்கூட்டியே அடிபோடுகிறாரோ என்று நினைத்தேன். மனைவியிடம் அப்படியே சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். “சங்கத்துல கணக்குப் பார்க்காம யாரையும் பொய்யருன்னு சொன்னதில்லை. போனைக் குடுங்க” என்றார்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு டிவி கிடையாது. தம்பிக்குப் போன். இன்று எத்தனை தார் வெட்டினீர்கள், எத்தனை விற்றது, என்ன விலை, வண்டி வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதினார். தம்பியும் முதலில் தயங்கினார், பிறகு அவரே கணக்கை வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார். ஆனி முடிவில் தேறிய கணக்கு இது.

ஏழடிக்கு ஏழடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 890 கன்று பிடிக்கும். காற்றில் சாய்ந்தது, வாடல் நோயில் போனது எல்லாம் கழித்து 760 மரம் தார் போட்டது. ஊரடங்கின் முதல் ஐந்து வாரத்திலேயே 420 தார் முற்றிவிட்டது. அதில் விற்றது 190, சராசரி 80 ரூபாய்க்கு. மீதி 230 தார் ஊருக்கும் ஆட்டுக்கும் போனது. தளர்வு வந்த பிறகு வெட்டிய 340 தார் சராசரி 130 ரூபாய்க்குப் போனது. ஆக மொத்த வரவு 59,400 ரூபாய். இலையில் வரவு இல்லை.

செலவு: கன்று, உழவு, உரம், மண் அணைப்பு, பக்கக் கன்று எடுத்தது, முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பு, வெட்டுக்கூலி, வண்டி, வட்டி எல்லாம் சேர்த்து 82,000. தம்பியும் அவர் மனைவியும் உழைத்ததற்குக் கூலி இதில் சேரவில்லை. அதாவது, குத்தகையை விட்டுப் பார்த்தாலே 22,600 ரூபாய் நட்டம். குத்தகை ஆண்டுக்கு 30,000. நடவின்போது பாதியை முன்பணமாக வாங்கிவிட்டோம். அதையும் சேர்த்தால் அவர் கையைவிட்டுப் போனது 37,600. இதற்கு மேல் நான் மீதி 15,000-ஐக் கேட்க வேண்டும்.

கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். என் மனைவி ‘வட்டி’ என்ற வரியில் விரலை வைத்தார். 40,000 ரூபாய் வெளியில் கடன், நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி, ஒரு வருடத்துக்கு 9,600. “சங்கத்துல பயிர்க்கடன் வாங்கியிருந்தா, கெடுவுக்குள்ள கட்டுனா வட்டியே இல்லையே. ஏன் வெளியில வாங்கினாரு?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

ஒன்பது வருடமாக அவருக்கும் எனக்கும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான். சங்கத்தில் கடன் வாங்க வேண்டும், அடங்கலில் தன் பெயர் வர வேண்டும், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று அந்தத் தம்பி மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்று முறையும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றேன். எழுத்தில் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். 1955-ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி நில உடைமைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்வது நம் ஊரில் வழக்கம்தானே. வேலையில் இருந்த காலத்தில், குத்தகை விவசாயிக்கும் கிசான் கடன் அட்டை உண்டு, பயிர்க் காப்பீடு உண்டு என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவன் நான். என் நிலத்தில் உழைப்பவருக்கு அதைக் கொடுக்கவில்லை.

இதை மனைவியிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “அப்ப இந்த 9,600 அவரு வட்டி இல்லைங்க, நம்ம வட்டி” என்றார்.

ஓய்வூதியக்காரர்களான நாம் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் காலத்தில் நமக்கு அகவிலைப்படி உயர்வுதான் நின்றது. ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்தது. அவருக்கு வந்தது ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 1,000 ரூபாயும் அரிசியும். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கொடுக்கிறார்கள். ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது. மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவருக்கும், கடைநிலை ஊழியராக இருந்தவரைத் தவிர, கிடையாது. என் ஒரு ஏக்கருக்கு அந்தப் பணம் எனக்கும் வராது, அவருக்கும் வராது. பயிர்க் காப்பீடும் மகசூல் இழப்புக்குத்தான். விலை விழுந்ததற்கு இல்லை. ஆகவே இந்த ஆண்டு நட்டத்தில் கை கொடுக்கக்கூடியவர் நிலத்துக்காரர் ஒருவர்தான்.

நாங்கள் செய்தது: மீதி 15,000 ரூபாயைத் தள்ளிவிட்டோம். பாக்கி இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினோம். மறுதாம்பு விட்டால் கன்றுச் செலவும் நடவுச் செலவும் மிச்சம் என்பதால், அந்தக் கட்டை வாழையையே வைத்துக்கொள்ளச் சொன்னோம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலிலும் தண்ணீர் வந்துவிட்டது. குத்தகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட ஒரு வழக்கறிஞரிடம் போனிலேயே பேசினேன். ஒன்பது வருடம் பயந்த விஷயத்துக்கு அரை மணி நேரப் பேச்சு போதுமானதாக இருந்தது.

நீங்களும் இதையேதான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குத்தகைப் பணத்தில்தான் மருந்து வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. உங்களுக்கு என் யோசனை இவ்வளவுதான்:

முதலில் ‘பணம் எப்போது?’ என்று கேட்காதீர்கள். ‘எத்தனை தார் வெட்டினீர்கள், எத்தனை விற்றது?’ என்று கேளுங்கள். தோட்டத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேரில் போக வேண்டியதில்லை.

இருவரும் ஒப்புக்கொண்ட கணக்கில் நட்டம் தெரிந்தால், உங்களால் முடிந்த அளவு தள்ளுங்கள். முழுவதும் முடியாவிட்டால் பாதி. அதுவும் முடியாவிட்டால் வட்டியில்லாமல் அடுத்த அறுவடைக்குத் தள்ளிவையுங்கள். எதுவானாலும் எழுதிக் கொடுங்கள்.

இதைச் சாக்கிட்டு நிலத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். விளையாததால் நட்டம் வரவில்லை. விளைந்தும் வந்த நட்டம் இது.

அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இல்லையென்றால், வழக்கறிஞரைக் கலந்து, முறையாக எழுதிக் கொடுத்துப் பதிய வையுங்கள். அடுத்த பயிருக்கு அவர் கடனும் காப்பீடும் வாங்க அதுதான் வழி.

இனி மாடித்தோட்டம். ஆடி பிறந்துவிட்டது, தாராளமாகப் போடலாம். ஆனால் வயதை மறக்காதீர்கள். இருவருக்குப் பன்னிரண்டு பைகள் போதும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம பங்காகக் கலக்குங்கள். பையை வைக்கும் இடத்திலேயே நிரப்புங்கள். நிரப்பிய பையைத் தூக்கி நகர்த்தினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், இந்த ஊரடங்கில் மருத்துவமனைக்குப் போவதும் எளிதல்ல. செங்கல் மேல் வைத்தால் தளம் ஈரம் காக்காது.

நான்கு பைகளில் கீரை. எல்லாவற்றிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். வாரம் ஒரு பை என்று விதைத்தால், சிறுகீரையும் முளைக்கீரையும் 25 முதல் 30 நாளில் முறை வைத்து வரும். ஒரு பையில் அரைக்கீரை. அதை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். நான்கு பைகளில் வெண்டை. 45 நாளில் காய் பறிக்கலாம். மீதியில் கத்தரி, தக்காளி, மிளகாய். அசுவினியோ மாவுப்பூச்சியோ வந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். தண்ணீர் ஊற்றுவது ஒருவர், களை எடுப்பது ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பிரித்த பிறகு சண்டை பாதியாகக் குறைந்தது.

மாடி வேலை காலையில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குளித்தலைக்கு ஒரு போன் போடுங்கள். எங்கள் வீட்டில் அந்த டைரி இன்னும் ஓடுகிறது. நேற்றுக் குறித்த வரி: ‘பக்கக் கன்று எடுத்தாச்சு. அடங்கல் நகல் வாங்கியாச்சு. அவர் மகளுக்கு இருமல் சரியாகிவிட்டது.’