ஒன்றும் ஆகவில்லையே!

என் மாப்பிள்ளை நல்ல மனிதர். மாமனாரோடு வாதம் செய்யும்போதுகூடக் குரலை உயர்த்தமாட்டார். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்தில் குடியிருக்கிறார். 2020 பிப்ரவரியில் பேரனைப் பார்க்கப் போன நான், கொரோனாவினால் விமானங்கள் நின்றுபோகவே, அங்கேயே அகப்பட்டுக்கொண்டேன். மறு வருஷம் பொங்கல் கழித்துத்தான் ஊர் திரும்ப முடிந்தது. அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. கொள்ளைநோய் ஊரைச் சூறையாடும்போது காலேஜ்ப் பையன்களைக் கால்பந்து ஆட விடலாமா, கூடாதா?

போன வாரம் அவர் டெலிபோனில் பேசினார். பேச்சோடு பேச்சாக, "மாமா, அன்றைக்கு என்னோடு அவ்வளவு சண்டை போட்டீர்களே, ஆட்டத்தை நடத்தத்தானே நடத்தினார்கள்? ஒன்றும் ஆகவில்லையே!" என்றார்.

டெலிபோனில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

"ஒன்றும் ஆகவில்லையே" என்பது என்ன வாதம்? குடித்துவிட்டுக் காரை ஓட்டி எப்படியோ வீடு வந்து சேர்ந்தவன், மறுநாள் காலையில் மனைவியிடம் சொல்லுகிற வாதம். வீடு வந்து சேர்ந்தது உண்மை. அதனால் அவன் செய்தது சரியாகிவிடுமா?

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைப் பெரும்பாலும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தலையில் கவசமும் தோளில் அட்டையுமாகப் பதினொரு பேர், எதிரே பதினொரு பேர். மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் குனிந்து நின்று, சமிக்ஞை கிடைத்ததும் மலைபோல் மோதிக்கொள்கிறார்கள். ஆறடி விலகி நில் என்று உலகமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், விலகி நின்றால் ஆடவே முடியாத ஆட்டம் இது. இதற்கு மிச்சிகன் சர்வகலாசாலை கட்டி வைத்திருக்கும் மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே சனிக்கிழமை என்றால் அதுதான் திருவிழா, அதுதான் தேர்.

ஓஹையோ சர்வகலாசாலை 'பிக் டென்' என்ற சங்கத்தைச் சேர்ந்தது. பெயரில் பத்து; 2020ல் அங்கத்தினர் பதினான்கு. கணக்குக்கும் அவர்களுக்கும் அவ்வளவு சிநேகம். இந்தச் சங்கத்தார் அந்த வருஷம் ஆகஸ்டு 11-ம் தேதி, நோய் காரணமாக இலையுதிர் கால ஆட்டங்களை ஒத்திவைப்பதாக அறிவித்தார்கள். மேற்குக் கரையில் உள்ள பசிபிக் சங்கமும் அதே நாளில் அதே முடிவைச் செய்தது. தெற்கே இருந்த பெரிய சங்கங்கள் மட்டும் ஆடியே தீருவோம் என்றன.

பிறகு என்ன நடந்தது? பெற்றோர்கள் கிளர்ச்சி செய்தார்கள். நெப்ராஸ்காவில் ஆட்டக்காரர்களே கோர்ட்டுக்குப் போனார்கள். ஓஹையோ அணியின் நட்சத்திரப் பையன் ஒரு விண்ணப்பம் எழுத, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். தேர்தல் வருஷம் வேறு. ஜனாதிபதி டிரம்ப், செப்டம்பர் முதல் தேதி சங்கத் தலைவரோடு டெலிபோனில் பேசினார். செப்டம்பர் 16-ம் தேதி சங்கம் மனம் மாறியது. அக்டோபரில் ஆட்டம் தொடங்கும் என்றது.

தினந்தோறும் ஆட்டக்காரர்களுக்குச் சோதனை செய்கிற வசதி வந்துவிட்டது, அதனால்தான் மாற்றிக்கொண்டோம் என்றார்கள். வசதி வந்தது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதி எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. என் பேரன் மூன்றாம் வகுப்பு. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ஒரு சின்னக் கண்ணாடித் திரையில் வாத்தியாரம்மாவைப் பார்த்துப் பெருக்கல் வாய்பாடு படித்தான். நடுநடுவே படம் உறைந்துவிடும். வாத்தியாரம்மா வாயைத் திறந்தபடியே நின்றுவிடுவாள். அவனும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். ஒரு தேசம் தன் கையில் இருக்கிற கொஞ்ச வசதியை முதலில் யாருக்குக் கொடுக்கிறது என்று பார்த்தால், அது எதைக் கோயிலாக வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதைச் சொன்னபோது மாப்பிள்ளை, "பையன்களே ஆட வேண்டும் என்று கேட்டார்களே மாமா?" என்றார்.

கேட்டார்கள். இருபது வயதுப் பிள்ளை வேறு என்ன கேட்பான்? அந்த வயதில் நானும் காவேரி வெள்ளத்தில் குதிக்க அனுமதி கேட்டவன்தான். ஆனால் அவர்கள் கேட்டது அதை மட்டும் அல்ல. ஆகஸ்டு 2-ம் தேதி பசிபிக் சங்கத்து ஆட்டக்காரர்கள் ஒரு அறிக்கை விட்டார்கள். எங்கள் உடம்புக்குப் பாதுகாப்பு வேண்டும், வருமானத்தில் பங்கு வேண்டும், இல்லாவிட்டால் ஆட மாட்டோம் என்றார்கள். ஒரு வாரம் கழித்து, கிளெம்ஸன் அணியின் டிரெவர் லாரன்ஸ் முதலானவர்கள் இன்னொரு அறிக்கை விட்டார்கள். அதில் முதல் வரி, நாங்கள் ஆட விரும்புகிறோம் என்பது. கடைசியில், ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று இருந்தது. முதல் வரியை ஜனாதிபதியிலிருந்து பெட்டிக்கடைக்காரர் வரை எல்லோரும் படித்தார்கள். கடைசி வரி யார் கண்ணிலும் படவில்லை. விரும்பாதவன் விலகிக்கொள்ளலாம், உபகாரச் சம்பளம் போகாது என்று சலுகை கொடுத்தார்கள். அது நல்ல காரியம். சங்கம் மட்டும் கிடைக்கவில்லை.

வட கரோலினா சர்வகலாசாலையில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஆகஸ்டு 10-ம் தேதி வகுப்புகளைத் திறந்தார்கள். விடுதிகளில் நோய் பரவியது. ஒரே வாரத்தில், 17-ம் தேதி, இளநிலை வகுப்புகள் எல்லாம் இனித் திரையில்தான் என்று அறிவித்தார்கள். சரி, விவேகமான முடிவு. ஆனால் செப்டம்பர் 12-ம் தேதி அதே சர்வகலாசாலையின் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் நடந்தது!

பௌதிக வகுப்பில் உட்காருவது ஆபத்து. மைதானத்தில் மோதிக்கொள்வது ஆபத்தில்லை. இதற்கு என்ன அர்த்தம்? அந்தப் பையன்கள் அங்கே இருப்பது படிப்பதற்காக அல்ல என்று சர்வகலாசாலையே ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் அர்த்தம். மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யாரை நிறுத்தி வைத்துக்கொண்டீர்களோ, அவர்களுக்கு வேலைக்காரர்கள் என்று பெயர். வேலைக்காரன் என்றால் கூலி எங்கே? நோய் வந்தால் நஷ்டஈடு எங்கே?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1955ல் கொலராடோவில் ஒரு கல்லூரி ஆட்டக்காரர், பட்டாளத்திலிருந்து வந்து படித்தவர், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். அவருடைய மனைவி, தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டிய நஷ்டஈட்டைக் கேட்டு வழக்குப் போட்டாள். 1957ல் அந்த மாநில உயர்ந்த நீதிமன்றம், கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை என்று சொல்லிக் கையை விரித்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் கல்லூரி விளையாட்டுத் தலைமைச் சங்கத்தை நிர்வகித்த வால்ட்டர் பையர்ஸ், 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இந்த நஷ்டஈட்டுப் பயத்தினால்தான் அந்தச் சொல்லைச் செய்தோம் என்று பிற்பாடு, 1995ல், அவரே புஸ்தகத்தில் எழுதினார். சொற்களை வைத்துப் பிழைப்பவன் என்கிற முறையில் சொல்லுகிறேன்: ஒரு விதவையின் வாயை அடைப்பதற்காகச் செய்யப்பட்ட சொல் அது.

வியாபாரம் இல்லையாம்! 2019ல் கிளெம்ஸன் பயிற்சியாளருக்குப் பத்து வருஷத்துக்கு 9 கோடியே 30 லட்சம் டாலர் ஒப்பந்தம். அவர் சொல்லிக்கொடுத்து ஆடிய பையனுக்குப் படிப்புச் செலவும், சாப்பாடும், தங்க இடமும். அந்த லாரன்ஸுக்கே அக்டோபர் கடைசியில் நோய் கண்டது. இரண்டு ஆட்டம் படுத்துவிட்டான்.

கால்பந்துப் பணம் இல்லாவிட்டால் நீச்சலும் மல்யுத்தமும் செத்துப்போகும் என்று ஒரு வாதம் உண்டு. ஸ்டான்போர்டு சர்வகலாசாலை அந்த ஜூலையில் பதினொரு விளையாட்டுகளை நிறுத்தப் போவதாகச் சொன்னது. அதன் மூலதன நிதியோ 2,700 கோடி டாலருக்கு மேல். அடுத்த வருஷம் மே மாதம், நிறுத்தவில்லை என்று சொல்லிவிட்டது. இதற்கு மேல் இந்த வாதத்துக்கு மரியாதை செய்ய எனக்கு விருப்பமில்லை.

என் பக்கத்திலும் தப்பு உண்டு. அந்தச் செப்டம்பரில் ஓஹையோ டாக்டர்கள், நோய் வந்து தேறிய 26 ஆட்டக்காரர்களைச் சோதித்து, நாலு பேருக்கு இருதயத் தசையில் அழற்சியின் அடையாளம் கண்டதாக எழுதினார்கள். நான் அந்தப் பத்திரிகைச் செய்தியை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே ஆட்டினேன். 2021ல் சுமார் 1,600 பேரைச் சோதித்தபோது நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல்தான் என்று தெரிந்தது. பென்சில்வேனியாவில் இருபது வயது ஆட்டக்காரன் ஒருவன் கொரோனாவுக்குப் பின் ரத்தம் உறைந்து இறந்ததையும் சொல்லிக் காட்டினேன். ஆனால் அவனுடைய கல்லூரி அந்தப் பருவத்தில் ஆடவே இல்லை. வீட்டைவிட மைதானத்தில்தான் எங்களுக்குச் சோதனையும் வைத்தியமும் கிடைக்கிறது என்று பையன்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தா ஆட விட்டார்கள்? ஆடவிட்ட பிறகல்லவா கணக்கு வந்தது! தெரியாத ஆபத்தில் இறங்கியவர்கள் கூலியில்லாத பிள்ளைகள்; லாபத்தில் இறங்கியவர்கள் வேறு.

நடத்தினார்களே, அந்த லட்சணத்தையும் பார்க்கலாம். அக்டோபரில் புளோரிடா பயிற்சியாளர் ஓர் ஆட்டத்தில் தோற்றுவிட்டு, எங்கள் மைதானத்தை 90,000 பேரால் நிரப்ப வேண்டும் என்றார். சில நாளில் அவருடைய ஆட்டக்காரர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்களுக்கு நோய், அவருக்கும் நோய், அடுத்த ஆட்டம் டிசம்பருக்குப் போயிற்று. நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ரத்தாயின அல்லது தள்ளிப்போயின. ஓஹையோவும் மிச்சிகனும் 1918ல் விஷஜுரம் லட்சக்கணக்கில் ஆளை வாரிக்கொண்டு போன வருஷத்திலிருந்து ஒரு வருஷம் விடாமல் மோதி வந்தவர்கள். 2020ல் அதுவும் நின்றது, மிச்சிகன் அணியில் நோய். ஆறு ஆட்டமாவது ஆடிய அணிதான் இறுதிப் போட்டிக்குத் தகுதி என்று பிக் டென் விதி செய்திருந்தது. ஓஹையோ ஆடியது ஐந்து. டிசம்பர் 9-ம் தேதி விதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கணக்கைப் பற்றி முன்பே சொன்னேன்.

2021 ஜனவரி 11-ம் தேதி இரவு பட்டப் போட்டி, மயாமிக்குப் பக்கத்தில். சுமார் 15,000 பேர் உள்ளே உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த வாரங்களில் அமெரிக்காவில் தினம் 3,000 பேருக்கு மேல் கொரோனாவில் இறந்துகொண்டிருந்தார்கள். தடுப்பூசி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளை எனக்கும் ஒரு நாற்காலி போட்டு, சோளப்பொரிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். மரியாதைக்கு உட்கார்ந்தேன். அலபாமா 52, ஓஹையோ 24. பாதியிலேயே எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டேன்.

2021 ஜூனில் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, படிப்புச் சம்பந்தமான சலுகைகளுக்குத் தலைமைச் சங்கம் வரம்பு கட்டியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். 2025 ஜூனில், கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழி செய்யும் சமரசத்துக்கு ஒரு நீதிமன்றம் அங்கீகாரம் அளித்தது. வருஷத்துக்கு ஒரு கல்லூரிக்கு இரண்டு கோடி டாலருக்குச் சற்று மேல். 2020ல் அந்தப் பையன்கள் கேட்டபோது இதெல்லாம் நடக்காத காரியம் என்றவர்கள்தான் இன்று காசோலையில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இதை மாப்பிள்ளைக்கு அனுப்பப் போகிறேன். படித்துவிட்டுக் கட்டாயம் டெலிபோன் செய்வார். குரலை உயர்த்தாமல், ஓஹையோ வாங்கிய அந்த 52-ஐ மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாமே மாமா என்பார்.