போல்ட்டுக்கு உள்ள பரிசோதனை இறால் குஞ்சுக்கு வேண்டாமா?

ஒரகடத்தில் இருக்கும் ஒரு வாகனத் தொழிற்சாலைக்குள் வெளியிலிருந்து ஒரு போல்ட் வர வேண்டும் என்றால் சும்மா வந்துவிட முடியாது. லாரியில் வந்த சரக்கிலிருந்து சில பெட்டிகளைப் பிரிப்பார்கள், அளந்து பார்ப்பார்கள், சரியில்லை என்றால் மொத்த லாட்டையும் ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு வேலைக்குப் போகிற பையன்கள் முதலில் கேள்விப்படும் வார்த்தைகளில் ஒன்று 'இன்கமிங் இன்ஸ்பெக்ஷன்'. எல்லாப் போல்ட்டையும் யாரும் அளப்பதில்லை. எத்தனை எடுத்துப் பார்த்தால் போதும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது தொழிற்சாலையின் மதில் சுவரைத் தாண்டி ஏரிக்கரைக்கு வாருங்கள். குளத்தில் விடுவதற்கான இறால் குஞ்சு எப்படி வருகிறது? பாலிதீன் பையில் கொஞ்சம் தண்ணீர், மேலே ஆக்சிஜன், வாயை இறுக்கிக் கட்டி, அட்டைப் பெட்டியில் வைத்து, வேனில். வாங்குபவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். குஞ்சு துள்ளினால் நல்ல குஞ்சு! பெரும்பாலும் அதோடு பரிசோதனை முடிந்தது. அந்தக் குஞ்சுக்குள் ஒரு வைரஸ் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் வழியை உருவாக்கியவர்களில் முக்கியமான ஒரு கூட்டம் இதே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அந்த இடம் மேல்விஷாரம். பாலாற்றங்கரையில், ஆற்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஊர். அங்கே 1965இல் தொடங்கப்பட்ட சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் விலங்கியல் துறையில் பேராசிரியர் சாகுல் ஹமீதும் அவருடைய மாணவர்களும் செய்த ஆராய்ச்சியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஐ.ஐ.டி. அல்ல, பெரிய மத்திய அரசு நிறுவனமும் அல்ல. சாதாரணமாக பி.எஸ்சி. சேருவதற்கு வரிசையில் நிற்கிற ஒரு கலை அறிவியல் கல்லூரி. ஆனால் நன்னீர் இறாலைத் தாக்கும் வெள்ளை வால் நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பு (அப்போது ஓ.ஐ.இ. என்று அழைக்கப்பட்டது) தன்னுடைய மேற்கோள் ஆய்வகமாக ஏற்றுக்கொண்டது இந்தக் கல்லூரியின் ஆய்வகத்தைத்தான்!

கொஞ்சம் இறாலைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். பேச்சில் 'ஸ்கேம்பி' என்று சொல்லப்படும் இந்த இறாலின் அறிவியல் பெயர் மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி. ஆண் இறாலுக்கு நீல நிறத்தில் நீளமான கொடுக்கு இருக்கும். ஆற்றிலும் ஏரியிலும் வாழும், ஆனால் இதன் குஞ்சுகளுக்கு ஆரம்பத்தில் உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும். சினை இறால் ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கிப் போவது அதனால்தான். இது தெரியாமல் பல காலம் யாராலும் இதைச் செயற்கையாக வளர்க்க முடியவில்லை. முட்டை பொரியும், சில நாளில் எல்லாம் செத்துவிடும். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவில் பினாங்கு தீவில் ஷாவ்-வென் லிங் என்ற விஞ்ஞானி இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தார். கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுப் பார்த்து, கடைசியில் சமையலறையில் இருந்த சோயா சாஸைச் சில சொட்டு விட்டதும் குஞ்சுகள் பிழைத்ததாக ஒரு கதை சொல்வார்கள். சாஸில் இருந்த உப்புதான் காரணமாம். கதை எவ்வளவு நிஜமோ, உப்பு நிஜம். பிறகு ஹவாயில் தகுஜி புஜிமுரா என்பவர் லட்சக்கணக்கில் குஞ்சு எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க ஸ்கேம்பி வளர்ப்பு பரவியது.

இந்தியாவில் இது சூடு பிடித்ததற்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுச் சம்பந்தம் உண்டு. 1990களில் கடலோரத்தில் உப்புத் தண்ணீர் இறால் பண்ணைகள் பெருகின. தஞ்சை, நாகைப் பகுதி விளைநிலங்களும் குடிநீரும் பாழாவதை எதிர்த்து காந்தியவாதி எஸ். ஜகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே 1994–95இல் வெண்புள்ளி வைரஸ் கடல் இறாலை அடித்துப் போட்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததும் பல பண்ணையாளர்கள், குறிப்பாக ஆந்திராவில் நெல்லூர்ப் பக்கம், நன்னீர் இறாலுக்கு மாறினார்கள். உற்பத்தி மளமளவென்று ஏறி 2005–06 வாக்கில் ஆண்டுக்கு 40 ஆயிரம் டன்னைத் தாண்டியது. பிறகு அதே வேகத்தில் சரிந்தது.

வேடிக்கை என்னவென்றால் ஸ்ரீபெரும்புதூரின் கதையும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான் நடந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. ஒன்று ஏறிக்கொண்டே போனது, இன்னொன்று ஏறி விழுந்தது. கார் தொழிலுக்கும் இறால் தொழிலுக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கிறது, ஒப்பிடக் கூடாது என்று சிலர் சொல்லலாம். ஆனால் உள்ளே வரும் சரக்கைச் சோதிப்பது என்ற ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வெள்ளை வால் நோய் 1990களில் கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் முதலில் கண்டறியப்பட்டது. பிறகு சீனா, இந்தியா என்று வந்தது. குஞ்சின் வால் பக்கத்துச் சதை பால் போல வெளுக்கும். அப்படி ஒன்றிரண்டு தெரிந்த பிறகு ஒரு வாரத்துக்குள் தொட்டியில் இருக்கும் குஞ்சுகளில் கிட்டத்தட்ட எல்லாமே செத்துவிடும். காரணம் ஒரு நோடா வைரஸ். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு மிகச் சிறிய வைரஸும் உண்டு.

மேல்விஷாரம் குழு பிரான்சின் மான்ட்பெல்லியே நகர விஞ்ஞானி ழான்-ரொபேர் பொனாமி குழுவுடன் சேர்ந்து 2003 முதல் வரிசையாகச் செய்த சோதனைகள் படிக்கவே சுவாரசியமானவை. வைரஸ் கலந்த தண்ணீரில் குஞ்சுகளை விட்டார்கள், அத்தனையும் செத்தன. பெரிய இறாலுக்கு ஊசி மூலமே செலுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை! கம்பீரமாகக் கொடுக்கை ஆட்டிக்கொண்டு திரிந்தது. ஆனால் அதன் உடம்பைச் சோதித்தால் உள்ளே வைரஸ் இருக்கிறது. அந்தத் தாய் முட்டையிட்டால் குஞ்சுகளுக்கும் போகிறது. அதாவது பொரிப்பகத்துக்குள் நோயைக் கொண்டு வருவது பார்ப்பதற்கு நல்ல ஆரோக்கியமாக இருக்கிற தாய் இறால்தான். அதோடு நிற்கவில்லை. குஞ்சுகளுக்கு உணவாகப் போடுகிற ஆர்ட்டீமியா என்ற சின்ன உயிரி வழியாகவும், குளத்தில் இருக்கிற சில நீர்ப்பூச்சிகள் வழியாகவும் பரவ முடியும் என்று காட்டினார்கள். 2005இல் இரண்டு வைரஸையும் ஒரே குழாயில் ஒரே தடவையில் கண்டுபிடிக்கும் ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையை வெளியிட்டார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் செய்தார்களே, அதே வகைச் சோதனைதான். ஊரே அந்தப் பெயரைக் கேட்பதற்கு 15 வருடம் முன்பு!

இறாலுக்குத் தடுப்பூசி போடலாமே என்று கேட்கத் தோன்றும். மனிதர்களுக்கும் மீன்களுக்கும் இருப்பது போல ஒரு தடவை பார்த்த கிருமியை நினைவில் வைத்து எதிர்ப்புப் பொருள் தயாரிக்கிற அமைப்பு இறாலுக்கு இல்லை. வைரஸ் உள்ளே வந்த பிறகு கொடுக்க மருந்தும் இல்லை. மீதம் இருப்பது ஒரே வழி, தாயையும் குஞ்சையும் முன்கூட்டியே சோதித்து, நோய் இருக்கிற லாட்டை ரிஜெக்ட் செய்வது. ஒரகடத்துப் பையனுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ஒரு லட்சம் குஞ்சில் 2 சதவீதத்துக்கு நோய் இருந்தாலும், ஏதோ 150 குஞ்சுகளைக் கலந்து எடுத்துச் சோதித்தால் அதில் ஒன்றாவது மாட்டுவதற்கு 95 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. போல்ட் பெட்டிக்குப் போடுகிற அதே வகைக் கணக்கு!

அப்படியானால் ஸ்கேம்பி ஏன் சரிந்தது? எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போடுவது நியாயம் இல்லை. ஒரே தாய்க் கூட்டத்திலிருந்து திரும்பத் திரும்பக் குஞ்சு எடுத்ததால் வளர்ச்சி குறைந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2009இல் வன்னாமி இறாலுக்கு அனுமதி கிடைத்ததும் பணம் அங்கே ஓடிவிட்டது. ஆனால் இதில்தான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் வன்னாமி தாய் இறால் ஒவ்வொன்றும் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் தங்கி, வைரஸ் சோதனையில் தேறிய பிறகுதான் பொரிப்பகத்துக்குப் போகிறது. அந்தக் கட்டுப்பாட்டோடு வந்த இறால் ஏற்றுமதியில் எங்கேயோ போய்விட்டது. ஸ்கேம்பி உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அதற்கு அப்படி ஒரு கட்டாய ஏற்பாடு இருக்கவில்லை. சோதிக்கும் முறை மேல்விஷாரத்தில் தயாராக இருந்தது. சோதித்தே ஆக வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை.

ஏற்றுமதிக்குப் போகிற பொருளுக்கு ஒரு நீதி, ஊர் ஏரியில் வளர்கிற பொருளுக்கு ஒரு நீதி என்பதுதான் இதில் உறுத்துகிற இடம். வெளிநாட்டு வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார் என்ற பயம் இருந்தால் சோதனை தானாக வருகிறது. நஷ்டம் ஒரு குத்தகைக்காரரோடு போய்விடும் என்றால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஏரி மீன் குத்தகையை வட்டிக்கு வாங்கி எடுத்த ஒருவர் ஆசைப்பட்டு இறாலும் விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் எல்லாம் செத்தால் தண்ணீர் சரியில்லை, தீவனம் சரியில்லை, கண் பட்டுவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு போவார். குஞ்சு விற்றவர் அடுத்த வண்டியை அனுப்பிக்கொண்டிருப்பார். தொழிற்சாலையில் மோசமான லாட் அனுப்பிய சப்ளையருக்கு அடுத்த ஆர்டர் கிடைக்குமா?

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளில் இறால் எல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லா ஏரியிலும் நடக்காது. செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி, அதில் தீவனம் கொட்டி வளர்ப்பதை நினைக்கவே கூடாது. ஆலைக் கழிவு சேரும் ஏரி எதுவோ அதுவும் வேண்டாம். இறால் மீனைவிடத் தண்ணீர் விஷயத்தில் கறாரானது. அதனால் குஞ்சுக்கு முன்னால் தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும். ஆனால் சின்ன ஏரிகளுக்கும் பண்ணைக் குட்டைகளுக்கும் இது பொருந்திப் போகும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி கோடையில் வற்றுகிற ஏரியில் ஆறேழு மாதம் தண்ணீர் நிற்கிறது. ஸ்கேம்பி விற்பனை அளவுக்கு வளர ஏறத்தாழ அதே காலம்தான் ஆகும். மேல் தண்ணீரில் கட்லா, நடுவில் ரோகு, தரையில் இறால். மிர்கால் மட்டும் வேண்டாம், அதுவும் தரையில் மேய்கிற மீன், இறாலோடு போட்டிக்கு வரும். குஞ்சை நேராக ஏரியில் விட்டால் விரால் ஒரு கை பார்த்துவிடும், அதனால் நெல்லுக்கு நாற்றங்கால் போடுவது போல முதல் ஒன்றரை மாதம் சின்னக் குட்டையில் வளர்த்து விட வேண்டும். அந்த ஒன்றரை மாதம்தான் வெள்ளை வால் நோய் தலைகாட்டுகிற காலமும். ஏரிக்குப் போவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நல்ல விதை இல்லையே என்ற குறையும் பழைய அளவுக்கு இல்லை. புவனேஸ்வரில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1990களில் ரோகு மீனைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து 'ஜெயந்தி ரோகு' கொண்டு வந்தது. அதே வழியில் 2007இல் குஜராத், கேரளா, ஒடிசா இறால்களைக் கலந்து ஸ்கேம்பியிலும் தேர்வு இனப்பெருக்கம் தொடங்கி, வேகமாக வளரும் வகையை உருவாக்கியிருக்கிறது. விதையை வளர்க்க ஒரு நிறுவனம், விதையைச் சோதிக்க ஒரு கல்லூரி, இரண்டுமே அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சிதான். இடையில் விவசாயியின் கைக்குப் போகும் பையில் ஒட்ட வேண்டிய ஒரு சீட்டுதான் குறை. எந்தத் தாய்க் கூட்டத்தின் குஞ்சு, எந்தத் தேதியில் சோதித்தது, என்ன முடிவு. மூன்று வரி போதும். நெல் விதை மூட்டையில் சான்று அட்டை தைத்துத் தருகிறார்கள் இல்லையா?

மழை பெய்து நவம்பரில் ஏரி நிரம்பும் என்றால் நாற்றங்கால் குட்டைக்குக் குஞ்சு செப்டம்பர் கடைசியிலேயே வந்தாக வேண்டும். 150 குஞ்சை ஒரு பாட்டிலில் சாராயத்தில் போட்டு ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் மேல்விஷாரம் போய்ச் சேர்ந்துவிடலாம்.